சைனஸ் சிடி படிக்கும்போது பல்லையும் பாருங்கள்: புதிதாக ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கு

ரேடியாலஜியில் சேர்ந்த முதல் வருடம் நான் எழுதிய சைனஸ் ரிப்போர்ட்டுகளை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. "வலது மேக்ஸில்லரி சைனஸ் முழுக்க அடைந்திருக்கிறது. சைனசைட்டிஸ்." அவ்வளவுதான். (மேக்ஸில்லரி சைனஸ் என்பது கன்னத்துக்குப் பின்னால் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை.) அப்படி ஒரு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன ஒருவர், எட்டு மாதம் கழித்து அதே பக்கம் அதே அடைப்போடு திரும்பி வந்தார். இடையில் மூன்று சுற்று ஆன்டிபயாடிக். எங்கள் மூத்தவர் பழைய படத்தைத் திறந்தார், கொரோனல் ஸ்லைஸ்களை (முகத்துக்கு இணையாக வெட்டிய படங்களை) மெதுவாக உருட்டினார், ஓர் இடத்தில் மவுஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் வேர்நுனியைச் சுற்றிப் பட்டாணி அளவுக்குக் கருமை, அதாவது எலும்பு கரைந்த இடம். அதற்கு நேர் மேலே சைனஸின் தரை எலும்பு கொஞ்சம் காணோம். எட்டு மாதத்துக்கு முன்பே அது படத்தில் இருந்தது, நான்தான் அங்கே போகவில்லை.

இது தனி மனிதத் தவறு மட்டும் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனஸ் வடியும் வழியைத் தேடி மேலே பார்க்கிறார். பல் மருத்துவர் கைக்கு அந்த சிடி பெரும்பாலும் போவதே இல்லை. நோயாளியோ பல் வலிக்கவில்லை என்கிறார். பல்லும் சைனஸும் ஒரே திரையில் சேர்ந்து தெரிவது ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு மட்டும்தான். அவர் பார்க்காமல் விட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

முதலில், பல் எப்படி சைனஸைக் கெடுக்கிறது

மேல்தாடையின் முன்கடைவாய்ப்பற்களும் கடைவாய்ப்பற்களும் மேக்ஸில்லரி சைனஸின் தரைக்கு நேர் கீழே நிற்கின்றன. பொதுவாக இரண்டாவது கடைவாய்ப்பல்லின் வேர்கள்தான் தரைக்கு மிக நெருக்கம், முதல் கடைவாய்ப்பல் அடுத்து. நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு 1 மிமீ கூடத் தேறாது. இன்னும் சிலருக்கு வேர்நுனி சைனஸுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும், அதன்மேல் சவ்வு மட்டும் போர்த்தியிருக்கும். சொத்தை ஆழமாகிப் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் திசு) செத்துவிட்டால், அங்கே குடியேறிய கிருமிகள் வேர்நுனி வழியாக வெளியே வந்து எலும்பைக் கரைக்கின்றன. கரைத்துக்கொண்டே மேலே போனால் சைனஸ்.

வலி ஏன் இல்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. கூழ் செத்த பல்லுக்குச் சூடு, குளிர் தெரியாது. சீழும் உள்ளே கட்டி நிற்காமல் சைனஸுக்குள் இறங்கிவிடுவதால் அழுத்தம் ஏறுவதில்லை. அதனால் "பல் வலி இல்லை" என்று ஸ்கேன் கேட்டு வந்த கோரிக்கைத் தாளில் எழுதியிருப்பதை வைத்துப் பல்லை விடுவிக்க வேண்டாம். "ஒரு பக்க மூக்கில் கெட்ட நாற்றம்" என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பல்லிலிருந்து வரும் தொற்றில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதிகம், அந்த நாற்றம் அவற்றினுடையது.

பழைய பாடநூல்கள் மேக்ஸில்லரி சைனசைட்டிஸில் 10 முதல் 12 சதவீதம்தான் பல்லால் வருவது என்றன. சிடி பரவலான பிறகு வந்த ஆய்வுகளில் சில 40 சதவீதம் வரை போகின்றன. ஒரு பக்கம் மட்டும் அடைந்திருப்பவர்களைத் தனியே எடுத்தால் பங்கு இன்னும் கூடும். ஒரு வேடிக்கை என்னவென்றால், மேக்ஸில்லரி சைனஸை 1651-ல் விவரித்து எழுதிய நத்தேனியல் ஹைமோர், அதை ஒரு பல் கதையோடுதான் எழுதினார். பல்லைப் பிடுங்கிய குழி வழியாகச் சைனஸ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கதை அது.

படத்தைத் திறந்ததும்

சைனஸின் தரையும் மேல்வரிசைப் பற்களின் வேர்களும் படத்துக்குள் முழுதாக இருக்கின்றனவா? சில இடங்களில் சைனஸ் சிடியை அண்ணத்தோடு நிறுத்திவிடுவார்கள், பல்லின் கீழ்ப்பாதி வெட்டுப்படும். அப்படியானால் "பற்கள் முழுமையாகப் படத்தில் இல்லை" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், நீங்கள் பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ததாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஸ்லைஸ் தடிமன் 1 மிமீ அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். எலும்புக்கான கெர்னல் (எலும்பைக் கூர்மையாகக் காட்டப் படத்தைக் கணக்கிடும் முறை), அகலமான விண்டோ (திரையில் காட்டும் கருப்பு-வெள்ளை வரம்பு): அகலம் 3000 முதல் 4000, மையம் 500 முதல் 700 என்று வைத்துப் பாருங்கள். சாஃப்ட் டிஷ்யூ விண்டோவில் வேர்நுனி வெறும் வெள்ளைக் கட்டிதான்.

"உலோக நிரப்பல் இருக்கிறது, கோடு கோடாகத் தெரிகிறது, பற்களை மதிப்பிட முடியவில்லை" என்று எழுதித் தப்பிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். உண்மையில் அந்தக் கோடுகள் பல்லின் தலை மட்டத்தில் ஓடுகின்றன. வேர்நுனி அதற்கு மேலே, பெரும்பாலும் தப்பித்து நிற்கும். சொத்தையைத்தான் அந்தக் கோடுகள் மறைக்கும். நமக்கு முக்கியமான இடத்தை அவ்வளவாக மறைப்பதில்லை.

எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சவ்வு தடித்து, எத்மாய்டும் (கண்களுக்கு நடுவில் உள்ள சைனஸ்) சேர்ந்திருந்தால் காரணம் மூக்கிலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்லை இரண்டு முறை பார்க்க வேண்டும், நான் மூன்று முறை பார்க்கிறேன். தொற்று முற்றியிருந்தால் ஆஸ்டியத்தை (சைனஸ் மூக்குக்குள் வடியும் துளையை) அடைத்து, முன் எத்மாய்டு, ஃபிரான்டல் (நெற்றி) சைனஸ் வரைகூட ஏறியிருக்கும். ஆகவே மேலே வரை அடைந்திருக்கிறது என்பதற்காகப் பல்லைக் கழித்துவிடக்கூடாது. முன்பெல்லாம் நான் அப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தேன்.

தரையில் நடப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொரோனலில் கோரைப்பல்லிலிருந்து தொடங்குங்கள். மேல்வரிசையில் நீளமான வேர் அதற்குத்தான், அதனால் அடையாளம் காண்பது எளிது. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்லைஸாகப் பின்னால் போங்கள், ஞானப்பல் இருக்கும் கடைசி எலும்பு வரை. ஒவ்வொரு வேரிலும் கீழிருந்து மேலாக நான்கு இடத்தில் நிற்க வேண்டும்.

வேரை ஒட்டிய மெல்லிய கருங்கோடு, அதுதான் பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் இடைவெளி. அதன் இயல்பான அகலம் சுமார் 0.2 மிமீ. வழக்கமான சைனஸ் சிடியில் அது மயிரிழையாகத் தெரிந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வேர்நுனியில் மட்டும் அது பட்டையாகத் தெரிகிறதென்றால் சந்தேகப்படலாம்.

அடுத்து வேர்நுனியைச் சுற்றிய கருமை. எந்த வேரில், எத்தனை மில்லிமீட்டர்?

அதற்கு மேலே தரை எலும்பு. முழுசாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, மேலே தள்ளப்பட்டிருக்கிறதா? சில நேரம் வேர்நுனிக்கு மேலே எலும்பு ஒரு சின்னக் குடை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். தொற்று எலும்புறையை மேலே தள்ள, அது அங்கே புது எலும்பைக் கட்டியதன் அடையாளம் அது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

கடைசியாகச் சவ்வு. அந்தப் பல்லுக்கு நேர் மேலே மட்டும் தடித்திருந்து, பக்கத்தில் மெலிந்துகொண்டே போகிறதென்றால், சைனஸ் முழுக்க அடையாத நிலையிலும் அது பல் சொல்லும் செய்தி. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடமும் 2, 3 மிமீ தடிப்பு சாதாரணமாகத் தெரியும். அதை மட்டும் வைத்து சைனசைட்டிஸ் என்று எழுத வேண்டாம்.

கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்: கன்னப்பக்கம் இரண்டு, அண்ணப்பக்கம் ஒன்று. ஒரு கொரோனல் ஸ்லைஸில் மூன்றும் சேர்ந்து தெரியாது. அதனால் கொரோனல் முடிந்ததும் ஆக்ஸியலில் (குறுக்குவெட்டில்) வேர்நுனி மட்டத்துக்கு வந்து மூன்றையும் எண்ணிப் பாருங்கள். சந்தேகப் பல் கிடைத்துவிட்டால் எம்பிஆரில் (வேண்டிய கோணத்தில் வெட்டிக் காட்டும் மென்பொருள் வசதி) அச்சைத் திருப்பி, அந்தப் பல்லின் நீளத்தோடு ஒட்டி ஒரு வெட்டு எடுங்கள். அரை நிமிடம் ஆகும். நேர் கொரோனலில் மங்கலாக இருந்த ஓட்டை அதில் பளிச்சென்று தெரியும்.

ஈறு நோயையும் மறக்க வேண்டாம். பல்லைத் தாங்கும் எலும்பின் விளிம்பு, பல்லின் கழுத்திலிருந்து 1 முதல் 2 மிமீ தள்ளி இருப்பது இயல்பு. அது வேர்களில் பாதி வரை போயிருந்தாலோ, வேர்கள் பிரியும் கவட்டில் கருமை தெரிந்தாலோ ரிப்போர்ட்டில் வரவேண்டும். வேர்நுனி நன்றாக இருந்து, ஈறு வழியாகவே தொற்று சைனஸுக்குப் போவதும் உண்டு.

வெள்ளையாகத் தெரிபவை

ரூட் கேனல் செய்த பல்லைப் பார்த்ததும் "சரி, இது பார்த்த பல்தான்" என்று நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் என் அனுபவத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பல்தான். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்-கன்னப்பக்க வேரில் பல பேருக்கு இரண்டாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும், சிகிச்சையில் தவறிப்போவதும் அதுதான். ஆக்ஸியலில் அந்த வேர் நீள்வட்டமாக இருந்து, வெள்ளை நிரப்பல் நடுவில் இல்லாமல் ஒரு ஓரத்தில் புள்ளியாக நின்றால், மறு ஓரத்தில் நிரப்பாத கால்வாய் இருக்கக்கூடும். பல் மருத்துவருக்கு அந்த ஒரு வரி தங்கம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரூட் கேனல் முடிந்து சில மாதமே ஆகியிருந்தால் வேர்நுனிக் கருமை ஆறிக்கொண்டிருக்கும் புண்ணாகவும் இருக்கலாம். எலும்பு திரும்ப வளர ஒரு வருடமும் ஆகும், சிலருக்கு நான்கு வருடம் வரை போகும். எப்போது செய்தது என்று தெரியாமல் "சிகிச்சை தோற்றது" என்று எழுதாதீர்கள். பழைய படம் இருந்தால் அளவை ஒப்பிடுங்கள்.

சைனஸுக்குள் தனியாக வெள்ளைத் துண்டு கிடந்தால் நான்கைந்து சாத்தியங்கள். பிடுங்கும்போது உடைந்து உள்ளே நழுவிய வேர், இடம் மாறிய இம்ப்ளான்ட், சைனஸ் தரையை உயர்த்த வைத்த எலும்புத் துகள், வேர்நுனி தாண்டி வெளியே தள்ளப்பட்ட ரூட் கேனல் பசை. அடைந்த சைனஸின் நடுவில் தூள் தூளாக வெள்ளை இருந்தால் ஃபங்கல் பாலையும் (பூஞ்சை உருண்டையையும்) நினையுங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த பசைக்கும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கும் உறவு உண்டென்று நெடுநாளாகப் பேசப்படுகிறது. உள்ளே நழுவிய துண்டு ஒரே இடத்தில் நிற்காது, ஆஸ்டியம் வரைகூடப் போய்விடும். அதனால் இன்று அது எங்கே இருக்கிறது என்று துல்லியமாக எழுத வேண்டும்.

பல் இல்லாத இடத்தையும் பாருங்கள். பிடுங்கிய குழிக்கு மேலே தரையில் இடைவெளி இருந்து, காற்று ஒரு கோடாகச் சைனஸுக்குள் போனால் அது ஓரோஆன்ட்ரல் ஃபிஸ்டுலா, வாய்க்கும் சைனஸுக்கும் இடையே திறந்த வழி. தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது என்று கோரிக்கைத் தாளில் இருந்தால் இதைத் தேடாமல் படத்தை மூடக்கூடாது.

ஏமாற்றுபவை

தரையிலிருந்து குமிழ் போல எழுந்து நிற்கும் வழவழப்பான உருண்டை பெரும்பாலும் ரிடென்ஷன் சிஸ்ட் (சவ்வில் உண்டாகும் நீர்க்கட்டி), சும்மா இருப்பது. அதையும் பல்லிலிருந்து வளர்ந்த சிஸ்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு கேள்வி போதும்: அதன் தலையில் எலும்புத் தொப்பி இருக்கிறதா? பல்லிலிருந்து வரும் சிஸ்ட் சைனஸின் தரையைத் தன்னோடு தூக்கிக்கொண்டு மேலே போகும், அதனால் மெல்லிய வெள்ளை வரம்பு இருக்கும். ரிடென்ஷன் சிஸ்டுக்கு அது கிடையாது, தரை அதற்குக் கீழே தன் இடத்திலேயே இருக்கும். உள்ளே முளைக்காத பல்லின் தலை தெரிந்தால் அப்படிப்பட்ட பல்லைச் சுற்றி வளரும் டென்டிஜெரஸ் சிஸ்டை நினைக்க வேண்டும்.

சிறு வயதினருக்கு வேர் இன்னும் மூடியிருக்காது. நுனியில் வட்டக் கருமை தெரிவது வளர்ச்சி, நோய் இல்லை. எதிர்ப்பக்கத்து அதே பல்லைப் பார்த்தால் தெளியும். இரண்டு மாதம் முன் பிடுங்கிய குழி காலியாகத் தெரிவதும் இயல்பு. முன்பற்களுக்குப் பின்னால் நடுக்கோட்டில் இருக்கும் கருவட்டம் நரம்புக் கால்வாய். இன்னொரு பொறி: சிலருக்கு சைனஸ் வேர்களுக்கு இடையே பள்ளமாக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளமும் அடைந்துவிட்டால் அச்சு அசலாக வேர்க் கருமை போலவே இருக்கும். ஸ்லைஸை உருட்டிப் பார்த்தால் அது மேலே சைனஸோடு சேரும், வேரைச் சுற்றிய வெள்ளைக் கோடும் கலையாமல் இருக்கும்.

எந்தப் பல்?

"வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் கருமை" என்று எழுதினால் பல் மருத்துவர் மூன்றில் எது என்று தேட வேண்டும். எண் போட்டு எழுதுங்கள், ஆனால் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எஃப்டிஐ முறையில் (பன்னாட்டுப் பல் எண் முறை) 16 என்றால் வலது மேல் முதல் கடைவாய்ப்பல். யுனிவர்சல் முறையில் (அமெரிக்காவில் வழங்கும் எண் முறை) 16 என்றால் இடது மேல் ஞானப்பல். அதே எண், பக்கமே மாறிப்போகிறது, நடுவில் கையில் குறடோடு ஒருவர் நிற்கிறார். "வலது மேல் முதல் கடைவாய்ப்பல், எஃப்டிஐ 16" என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை.

எண்ணும்போது நடுக்கோட்டிலிருந்து பின்னால் எண்ணுங்கள், இல்லாத பல்லின் இடத்தையும் சேர்த்து. பிடுங்கிப் பல வருடமானால் பக்கத்துப் பல் நகர்ந்து இடைவெளியை மூடியிருக்கும். இரண்டாவது கடைவாய்ப்பல் முதலாவதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மை ஏமாற்றும். தீரவில்லை என்றால் "முதல் அல்லது இரண்டாவது" என்றே எழுதிவிட்டு, எந்த ஸ்லைஸில் தெரிகிறது என்று எண் கொடுங்கள்.

உடனே ஃபோன் எடுக்க வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் அடைந்த சைனஸில் எலும்பு விரியாமல் தின்னப்பட்டிருந்தால், சைனஸின் பின்சுவருக்கு வெளியே உள்ள கொழுப்பு கலங்கியிருந்தால், பற்கள் எலும்பின் பிடியில்லாமல் மிதப்பது போலத் தெரிந்தால் புற்றுநோயை நினைக்க வேண்டும். "பல்லால் வந்தது" என்று முடித்துவிட்டால் சில மாதங்கள் வீணாகும். கண்குழிக்குள் வீக்கமோ சீழோ, தலைக்குள் பரவல், கன்னத்தில் சீழ்க்கட்டி இருந்தால் ரிப்போர்ட் தானாகப் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்காமல் அனுப்பிய மருத்துவரிடமே பேசிவிடுங்கள்.

எழுதுவது

2021-ல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் ஒருமித்த அறிக்கை, காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனசைட்டிஸை உறுதி செய்ய, பல் மருத்துவர் பல்லின் நோயை உறுதி செய்ய, இரண்டும் சேர்ந்துதான் இந்த நோய்முடிவு என்கிறது. அதனால் நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் "பல் தொடர்பை மறுக்க இயலாது" என்று மழுப்புவதும் உதவாது, படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். நான் இப்போது எழுதுவது ஏறக்குறைய இப்படி:

"வலது மேக்ஸில்லரி சைனஸ் முழுவதும் அடைந்துள்ளது. சுவர் எலும்பு தடித்துள்ளது. வலது முன் எத்மாய்டு அறைகளில் பகுதி அடைப்பு. மற்ற சைனஸ்கள் தெளிவு. வலது மேல் முதல் கடைவாய்ப்பல், எஃப்டிஐ 16, ரூட் கேனல் செய்யப்பட்டது. அதன் அண்ணப்பக்க வேர்நுனியைச் சுற்றி 7 மிமீ கருமை. அதற்கு நேர் மேலே தரை எலும்பில் 3 மிமீ இடைவெளி, கொரோனல் ஸ்லைஸ் 84. வாய்க்கும் சைனஸுக்கும் திறந்த வழி தெரியவில்லை. முடிவு: வலப்பக்க சைனசைட்டிஸ், எஃப்டிஐ 16-லிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பல் மருத்துவ மதிப்பீடு தேவை."

பல்லின் செய்தி முடிவுப் பகுதியில் வருவதைக் கவனியுங்கள். நடுவில் எழுதி முடிவில் விட்டால் அது எழுதாதது போலத்தான், பலரும் முடிவை மட்டும்தான் படிப்பார்கள். பற்கள் நன்றாக இருந்தாலும் எழுதுங்கள்: "மேல்வரிசைப் பற்களின் வேர்நுனிகளில் கருமை இல்லை, சைனஸின் தரை முழுமையாக உள்ளது." ஒரு பக்க அடைப்பில் அந்த வரிக்கும் மதிப்பு உண்டு.

சைனஸுக்காக எடுக்காத ஸ்கேனிலும் பல் மாட்டும். தலை சிடியின் கடைசி ஸ்லைஸ்களில் சைனஸின் தரை எட்டிப் பார்க்கும். பெட் ஸ்கேனில் தாடையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால், புற்று பரவியது என்று எழுதும் முன் அங்கே வேர்நுனி இருக்கிறதா என்று கூடவே எடுத்த சிடியில் பாருங்கள். எம்ஆர்ஐயில் ஃபங்கல் பால் டி2 படத்தில் கன்னங்கரேலென்று இருக்கும், காற்று நிறைந்த நல்ல சைனஸ் என்றே தோன்றும். எம்ஆர்ஐயின் இன்னொரு வகைப் படமான டி1-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இருந்தால் சிடியையும்.

கடைசியாக ஒன்று. பல் மருத்துவர் எடுக்கும் சாதாரணச் சிறு எக்ஸ்ரேயில் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் சைனஸோடும் கன்ன எலும்போடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சிடியில் தெளிவாகத் தெரிந்த கருமை அதில் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நோயாளி திரும்பி வந்துவிடுவார். அதனால் பல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லும்போது சிடி படத்தையும் கையில் கொடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஸ்லைஸை மட்டும் ஒரு படமாக ரிப்போர்ட்டோடு ஒட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.